ஸ்மூத்தனிங் செய்த மெல்லிய முடி: நீளமும் வேண்டும், அடர்த்தியும் தெரிய வேண்டும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எனக்கு முடி ரொம்ப மெல்லிசு. பள்ளிக்கூட நாளிலேயே பின்னல் எலிவால்தான். தங்கை கல்யாணத்துக்காக ஒரு பார்லரில் ஸ்மூத்தனிங் செய்துகொண்டேன். பளபளப்பு பிடித்துப்போய் அடுத்தடுத்து இரண்டு தடவை. அதன்பிறகு முடி தோளைத் தாண்டவே இல்லை. நான்கு வருஷப் போராட்டத்துக்குப் பிறகு இப்போது இடுப்புக்கு நான்கு விரற்கடை மேலே நிற்கிறது. சித்தி பெண்கள், அலுவலகத் தோழிகள் என்று ஆளாளுக்கு அதே கேள்விகளைக் கேட்பதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, பியூட்டீஷியனும் இல்லை. இந்தத் தலையோடு வாழ்கிறவள், அவ்வளவுதான்.

என் முடி மெல்லிசா, அடர்த்தி கம்மியா? இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இழை மெல்லிசாக இருப்பது வேறு, தலையில் இழைகளின் எண்ணிக்கை குறைவது வேறு. உதிர்ந்த முடி ஒன்றையும் சாதாரணத் தையல் நூல் ஒன்றையும் வெள்ளைத்தாள் மேல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நூல் கயிறு போலவும் முடி கோடு போலவும் தெரிந்தால் உங்களுடையது மெல்லிய இழை. விரலிடுக்கில் உருட்டினால் இருப்பதே தெரியாது. அப்புறம் வகிட்டைப் பாருங்கள். மண்டைத்தோல் அகலமாகத் தெரிந்தால் எண்ணிக்கையும் குறைவு. ஒரு தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கும் என்பது கணக்கு. என்னைப் போன்றவர்களுக்கு எண்ணிக்கை சரியாகவே இருக்கும், ஒவ்வொன்றும் பட்டு நூலாக இருப்பதுதான் வம்பு. கீழே சொல்வது முக்கியமாக அவர்களுக்கு. வகிடு அகலமாகிக்கொண்டே போகிறவர்கள் டாக்டரைப் பற்றிய கேள்விக்கு நேரே போய்விடுங்கள்.

ஸ்ட்ரெயிட்டனிங், ஸ்மூத்தனிங், ரீபாண்டிங், கெரட்டின், ரிலாக்ஸர்... என்ன வித்தியாசம்?

பார்லர் பலகையில் இருக்கும் பெயரை நம்பாதீர்கள். டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

நம் ஊரில் ரீபாண்டிங், ஸ்மூத்தனிங் என்று செய்வது பெரும்பாலும் தயோகிளைகோலேட் வகை. முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை முதல் க்ரீம் அறுக்கிறது. அயர்ன் நேராக்குகிறது. ‘நியூட்ரலைசர்’ என்கிற இரண்டாவது க்ரீமில் உள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு அந்தப் பிணைப்புகளைப் புது இடத்தில் முடிச்சுப் போடுகிறது. எல்லா முடிச்சும் திரும்ப விழுவதில்லை. மெல்லிய முடியில் தாங்கும் சதையே குறைவு என்பதால் இழப்பு உடனே தெரியும்.

யூட்யூபில் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் ‘ரிலாக்ஸ்டு ஹேர்’ என்று பேசுவார்கள். அது வேறு மருந்து: சோடியம் ஹைட்ராக்சைடு, அல்லது கால்சியம் ஹைட்ராக்சைடோடு குவானிடின் கலந்தது. காரத்தன்மை மிக அதிகம், பி.எச். 12-க்கு மேல் போகும். ஒரு இழையில் தயோகிளைகோலேட் பட்டிருந்தால் அதன்மேல் இதைப் போடவே கூடாது, இதன்மேல் அதையும் கூடாது. முடி அப்படியே கையோடு வந்துவிடும். ஆனால் மெல்லிய முடியை அறுந்துவிடாமல் நீளமாக வளர்ப்பதில் அந்தப் பெண்களுக்கு இருக்கும் அனுபவம் பெரிது. இரவில் முடியைச் சுற்றி வைப்பது, டச்-அப்பை, அதாவது வேரில் புதிதாக வளர்ந்த முடிக்குத் திரும்ப மருந்து போடுவதை, தள்ளிப்போடுவது எல்லாம் நான் அவர்களிடம் கற்றவை.

கெரட்டின் என்பது இன்னொரு கதை. பிணைப்பை அறுப்பதில்லை, மேலே பூசி அயர்ன் சூட்டில் ஒட்டவைப்பது. பலவற்றில் ஃபார்மால்டிஹைடு உண்டு, அல்லது சூடேறும்போது அதை வெளியிடும் பொருள் இருக்கும். கண் எரிந்தால் அதுதான்.

ஸ்மூத்தனிங் செய்த பிறகு முடி வளர்வதே நின்றுவிட்டது. ஏன்?

நிற்கவில்லை. வேர் தோலுக்குள் இருக்கிறது. க்ரீம் தோலைப் புண்ணாக்காத வரை அது தன்பாட்டுக்கு மாதம் ஒன்று முதல் ஒன்றேகால் செ.மீ. வரை தள்ளிக்கொண்டேதான் இருக்கும். மேலே வளர்கிற அளவுக்குக் கீழே ஒடிகிறது. அதனால் அளவுநாடா எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிறது.

சோதித்துப் பார்க்கலாம். தலை சீவிய பிறகு சீப்பிலும் தரையிலும் கிடக்கும் முடியைப் பொறுக்கி வெள்ளைத் துணியில் பரப்புங்கள். ஒரு முனையில் வெள்ளையாகக் குண்டூசித் தலை மாதிரி இருந்தால், அது வேரோடு உதிர்ந்தது. நாளைக்கு 50 முதல் 100 வரை எல்லோருக்கும் உதிரும், கவலை வேண்டாம். இரண்டு முனையிலும் அந்த வெள்ளை இல்லாமல், இரண்டு அங்குலம் மூன்று அங்குலத் துண்டுகளாகக் கிடந்தால், ஒடிந்தது. நான் முதல் தடவை எண்ணியபோது துண்டுகள்தான் பாதிக்கு மேல். அன்றைக்கு வெங்காயச் சாறு அரைப்பதை நிறுத்தினேன். வேருக்கு என்ன ஊற்றினாலும் நுனி ஒடிவது நிற்காதே!

இடுப்பு வரை வர எவ்வளவு நாளாகும்?

வருஷத்துக்கு 12 முதல் 15 செ.மீ. வளரும். நடுவில் நுனி வெட்டுவதையும் கழித்தால் கையில் நிற்பது 6 முதல் 9 செ.மீ. தோளிலிருந்து இடுப்புக்கு நான்கு வருஷமாவது ஆகும். ‘30 நாளில் நீளமான கூந்தல்’ விளம்பரத்தை ஒதுக்கித்தள்ளுங்கள்.

நீளம் வேண்டும் என்கிறவளை வெட்டச் சொல்கிறீர்களே?

இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. மெல்லிய முடி எலிவாலாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம் கீழ்ப்பக்கம் சல்லடையாகிப் போவதுதான். பின்னலின் மேல்பாதி கட்டைவிரல் தடிமன், கீழ்பாதி ஈர்க்குச்சி. அந்த ஈர்க்குச்சிப் பத்து செ.மீ.யை வைத்துக்கொண்டு ‘எனக்கு நீளமாக இருக்கிறது’ என்று மனதைத் தேற்றிக்கொள்கிறோம். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அது நீளமாகத் தெரிவதில்லை, இளைப்பாகத் தெரிகிறது. தவிர, நுனியில் விழுந்த வெடிப்பு அங்கேயே நிற்காது, மேலே ஏறும்.

பார்லரில் ‘ட்ரிம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. ‘ஸ்ட்ரெயிட் கட், லேயர் வேண்டாம், ஸ்டெப் வேண்டாம், ரேசர் போடாதீர்கள்’ என்று உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அடிவிளிம்பு கத்தரித்த துணி மாதிரி நேர்கோட்டில் நின்றால், அதே முடி ஒன்றரை மடங்காகத் தெரியும். பின்னல் போடுகிறவர்களுக்கு லேசான ‘யு’ பரவாயில்லை. ‘வி’ கட் மெல்லிய முடிக்குச் சத்துரு. முதல் தடவை சல்லடைப் பகுதி போகிற அளவுக்குத் தாராளமாக வெட்டுங்கள், எனக்கு எட்டு செ.மீ. போனது, வீட்டுக்கு வந்து அழுதேன். அதன்பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒன்றரை செ.மீ. போதும்.

எண்ணெய், சீயக்காய், ஷாம்பு: எது சரி?

தேங்காயெண்ணெய் விஷயத்தில் பாட்டிகள் ஜெயித்துவிட்டார்கள். 2003-இல் இந்திய ஆய்வாளர்கள் இருவர் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியைக் கழுவும்போது வெளியேறும் புரதத்தைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டும்தான். அதிலுள்ள லாரிக் அமிலம் இழைக்குள் புகுகிறது. அதனால் தண்ணீர் பட்டு முடி ஊதிச் சுருங்குவது குறைகிறது. ஆனால் ஊற்றி வழியவிட்டு நாளெல்லாம் திரிந்தால் மெல்லிய முடி மண்டையோடு ஒட்டிப்போய், இருக்கிற அடர்த்தியும் காணாமல் போகும். குளிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு, காதுக்குக் கீழிருந்து நுனி வரை ஒரு டீஸ்பூன். வேர்ப்பக்கம் வேண்டாம்.

சீயக்காய் நல்லதுதான். பொடியை அப்படியே தேய்ப்பதுதான் தப்பு. ரசாயனம் பட்ட முடியின் மேல்செதில் ஏற்கெனவே தூக்கிக்கொண்டிருக்கும், அதில் திப்பி சிக்கினால் அலசி எடுப்பதற்குள் பத்து இழை போகும். கொதிக்கவைத்து, ஆறவைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டிப் பயன்படுத்துங்கள். வடிகஞ்சியில் கலந்தால் இன்னும் விசேஷம். கஞ்சியின் மாவு லேசாக மேலே படிந்து, காட்டன் புடவைக்குக் கஞ்சி போட்ட மாதிரி இழைக்கு ஒரு விறைப்புக் கொடுக்கும். செம்பருத்தி இலையைத் தண்ணீரில் கசக்கினால் வருகிற வழவழப்பு, சிக்கெடுக்க எந்தக் கண்டிஷனருக்கும் குறைந்ததில்லை. வெந்தயமும் அப்படியே. ஆனால் ஊறின தண்ணீரை மட்டும், அரைத்த விழுதை அல்ல. விழுதைப் போட்டு இரண்டு நாள் என் தலையிலிருந்து வெந்தயத் தூள் உதிர்ந்தது தனிக்கதை.

ஷாம்பு என்றால் வாரம் இரண்டு தடவை, மண்டைத்தோலில் மட்டும். நுரை வழிந்தே முடி சுத்தமாகிவிடும். கண்டிஷனர் காதுக்குக் கீழே மட்டும். ‘ஹைட்ரோலைஸ்டு’ புரதம் (சின்னத் துண்டுகளாக உடைத்த புரதம்) என்று எழுதியிருக்கும் கண்டிஷனரை மாதம் ஒரு தடவை போட்டால் இழை கொஞ்சம் திடமாகும். வாராவாரம் போட்டால் விறைத்து ஒடியும்.

முட்டை? அதன் புரதம் பெரிய மூலக்கூறு, இழைக்குள் போகாது. வெந்நீரில் அலசினால் தலையிலேயே முட்டைப் பொரியல் ஆகும் என்பதை மட்டும் அனுபவத்தில் சொல்கிறேன்.

போர் தண்ணீரில் குளிக்கிறோம். அதனால்தான் போகிறதா?

ஓரளவுக்கு. கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீரில் வளர்ந்த தலை, சென்னையில் போர் தண்ணீருக்கு வந்ததும் ஒரே மாதத்தில் நார் மாதிரி ஆனது. உப்புத் தண்ணீரின் கால்சியமும் மக்னீசியமும் இழைமேல் படிந்து சொரசொரப்பாக்கும், சொரசொரப்பு சிக்காகும், சிக்கு ஒடிதலாகும். முடி வேரோடு கொட்டுவதற்கு இது காரணமில்லை. குழாய்த் தண்ணீரிலேயே குளித்துவிட்டுக் கடைசி இரண்டு சொம்பு மட்டும் கேன் தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஊற்றிப் பாருங்கள், வித்தியாசம் அன்றே தெரியும். படிவை எடுக்க ‘கிலேட்டிங்’ ஷாம்பு மாதம் ஒரு தடவை போதும், அடிக்கடி போட்டால் வறண்டுவிடும்.

குளித்த பிறகு என்ன செய்யக் கூடாது?

தலையைக் குனிந்து, முடியை முன்னால் போட்டு, ஈரிழைத் துண்டால் பட் பட்டென்று அடித்துத் துவட்டுவோமே, அது. அம்மா எனக்கு இருபது வயது வரை அப்படித்தான் செய்தார். கட்டு முடிக்காரர்களுக்கு ஒன்றும் ஆகாது. ரசாயனம் பட்ட மெல்லிய முடி நனைந்திருக்கும்போது ரப்பர் மாதிரி நீளும், நீண்டு அறுந்துபோகும். பழைய காட்டன் துணியால் முடியைப் பொத்திப் பிழியாமல் அழுத்தி எடுங்கள்.

முக்கால்வாசி காய்ந்த பிறகு பெரிய பல் சீப்பு. நுனியில் ஆரம்பித்து, மேலே மேலே போக வேண்டும். சிக்கு இருக்கும் இடத்துக்கு மேலே முடியை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டால் இழுவை வேருக்குப் போகாது. பேன்சீப்பை அலமாரியில் பூட்டி வைத்துவிடுங்கள்.

இரவில் தளர்வாக ஒரு பின்னல். தலையணைமேல் பழைய பட்டுப் பாவாடைத் துணி. காட்டன் உறை முடியைப் பிடித்து இழுக்கும், பட்டு வழுக்கிவிடும்.

வேரில் அலை, நுனியில் நேர். டச்-அப் எப்போது?

முடிந்தவரை தள்ளிப்போடுங்கள். புது முடியும் பழைய ஸ்மூத்தனிங் முடியும் சேரும் அந்த இடம்தான் முழு இழையிலும் பலவீனமானது. இரண்டு குணம் சந்திக்கும் வரப்பு, அங்கேதான் முறியும். எண்ணெய், கண்டிஷனர், பொறுமை மூன்றையும் அங்கே செலவழியுங்கள்.

செய்தே ஆக வேண்டுமென்றால் வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம், அதுவும் வேர்ப்பகுதிக்கு மட்டும். ‘ஃபுல் லென்த்தும் இழுத்துவிடுகிறேன் மேடம், ஷைனிங்கா இருக்கும்’ என்பார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது. ஏற்கெனவே பட்ட முடியில் திரும்பப் பட்டது. பத்து நாளில் கழுத்துக்குக் கீழே கொத்துக் கொத்தாக ஒடிந்தது. கேட்டால் ‘உங்க முடி வீக்’ என்று பதில். பழைய முடிமேல் க்ரீம் படாமல் கண்டிஷனரோ எண்ணெயோ பூசி மறைக்கச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடையில் ‘கருப்பு மருதாணி’ வாங்கிப் போட்டவர்கள் ரசாயனம் பக்கமே போக வேண்டாம். சிலவற்றில் உலோக உப்புகள் இருக்கும், பெராக்சைடோடு சேர்ந்தால் முடி சூடேறிக் கருகலாம். மரத்திலிருந்து பறித்த மருதாணிக்கு இந்த ஆபத்து இல்லை.

இருக்கிற முடியை அடர்த்தியாகக் காட்ட என்ன வழி?

வகிட்டை மாற்றுவது இலவசம். வருஷக்கணக்காக ஒரே இடத்தில் வகிடு எடுத்தால் முடி அங்கே படிந்துபோயிருக்கும். ஓர் அங்குலம் தள்ளி எடுங்கள், வேர் தானாக எழுந்து நிற்கும். நேர்க்கோடாக எடுக்காமல் சீப்பு நுனியால் வளைத்து எடுத்தால் தோல் தெரியாது.

நேரான முடி தட்டையாகத்தான் கிடக்கும், அலை இருந்தால் இடத்தை அடைத்துக்கொள்ளும். முக்கால் காய்ந்த முடியில் இரவு நான்கு தளர்ந்த பின்னல் போட்டுக் காலையில் விரலாலேயே பிரித்துவிட்டால் அயர்ன் இல்லாமல் அலை வரும். சீவினால் போயிற்று. ஈரமாகப் பின்னினால் உள்ளே காயாமல் வாடை அடிக்கும்.

பின்னலில் ஒரு தந்திரம். தளர்வாகப் பின்னி, அடியில் ரப்பர் பேண்ட் போடாமல் துணி பேண்ட் போட்டு, பின்னலின் ஒவ்வொரு கண்ணியையும் அடியிலிருந்து மேலாக வெளிப்பக்கம் மெதுவாக இழுத்துத் தட்டையாக்குங்கள். விரல் அகலம் இருந்தது இரண்டு விரலாகும். போட்டோவில் நீங்களே நம்ப மாட்டீர்கள்.

அப்புறம் சவுரி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் பாட்டிமார் எத்தனை பேர் சவுரி வைத்துத்தான் கல்யாணப் போட்டோவில் நிற்கிறார்கள்! இன்று வெளிநாட்டில் ‘எக்ஸ்டென்ஷன்’ என்று காசைக் கொட்டி வாங்குவதில் திருமலையில் காணிக்கையாகக் கொடுத்து ஏலம் போன முடியும் இருக்கிறது. எலிவால் முடிக்குச் சவுரியை உச்சியில் கட்டக் கூடாது. கனம் வேரை இழுக்கும். கழுத்து மட்டத்துக்கு இரண்டு கண்ணி பின்னிய பிறகு நடுக்காலில் சேர்த்துப் பின்னுங்கள். கனமான சவுரியைவிட மெல்லிய சவுரிதான் உண்மை மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள்.

அயர்ன் பாக்ஸ்?

ஈரத்தில் வைக்கவே கூடாது. உள்ளே இருக்கும் நீர் கொதித்து இழைக்குள் குமிழ் விழும், அங்கே முறியும். காய்ந்த முடியிலும் 180 டிகிரிக்கு மேல் வேண்டாம். ஸ்மூத்தனிங் செய்த பிறகும் எதற்கு அயர்ன் என்பதுதான் என் கேள்வி.

பயோட்டின் மாத்திரை சாப்பிடலாமா?

பயோட்டின் ஒரு பி வைட்டமின், அதன் குறைபாடு அபூர்வம். குறைபாடு இல்லாதவர் சாப்பிட்டால் முடி தடிக்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. தவிர, அது தைராய்டு ரத்தப் பரிசோதனை முடிவையும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனை முடிவையும் தப்பாகக் காட்டவைக்கும், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-இலேயே எச்சரித்தது. சாப்பிடுகிறவர்கள் லேபில் சொல்லிவிடுங்கள். முடி புரதத்தால் ஆனது. பருப்பு, முட்டை, சுண்டல், கீரை தட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

வெள்ளை முனையோடு கைநிறைய வந்தால். வகிடு அகலமானால். வட்டமாகச் சொட்டை விழுந்தால். க்ரீம் பட்ட இடம் புண்ணானால் அன்றைக்கே. டெங்கு, டைபாய்டு மாதிரிக் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாக உதிர்வது வழக்கம், பெரும்பாலும் தானே திரும்பும். மற்றபடி தோல் டாக்டர் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்புச்சத்துச் சேமிப்பு), தைராய்டு பார்க்கச் சொல்வார். மாதவிடாய் ஒழுங்கில்லாமல் முகத்தில் முடியும் வந்தால் சினைப்பை நீர்க்கட்டியையும் பார்ப்பார்கள். முடி வளரத் தலையில் தடவும் மினாக்ஸிடில் மருந்து அவர் சொன்னால் மட்டும். முதல் சில வாரம் கூடுதலாகக் கொட்டும், பலன் தெரிய நான்கைந்து மாதமாகும், கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

நேராக்கும் க்ரீம்களால் புற்றுநோய் வரும் என்கிறார்களே?

அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறக்குறைய 11 வருஷம் பின்தொடர்ந்த ‘சிஸ்டர் ஸ்டடி’யின் முடிவு 2022 அக்டோபரில் வந்தது. முந்தைய 12 மாதத்தில் நான்கு தடவைக்கு மேல் முடியை நேராக்கும் பொருட்களைப் பயன்படுத்தியவர்களுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். 70 வயதுக்குள் வரும் வாய்ப்பாகச் சொன்னால் பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம். தொடர்பு தெரிகிறதே தவிர, க்ரீம்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை செய்கிறவர் அலற வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செய்கிறவர் யோசிக்கலாம். ‘ஃபார்மால்டிஹைடு இல்லை’ என்று விற்கும் சிலவற்றில் கிளையாக்ஸிலிக் அமிலம் இருக்கும். அதைப் போட்ட பிறகு சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் இஸ்ரேலிலும் பிரான்ஸிலும் பதிவாகியிருக்கிறார்கள்.

பூ வைக்கலாமா?

தாராளமாக. ஆனால் நான்கு முழம் மல்லிகையை உச்சியில் ஒரே ஹேர்பின்னில் தொங்கவிடாதீர்கள். ஈரப்பூ கனக்கும், பின் இருக்கும் இடத்தில் முடி அறுந்து சின்னச் சின்னதாக நீட்டிக்கொண்டு நிற்கும். பின்னலின் இரண்டாவது கண்ணிக்குள் நாரை நுழைத்து இரண்டு பக்கமும் சமமாக விட்டால் பின்னே வேண்டாம். சரத்தை வட்டமாகச் சுற்றி வைத்தால் பின்னலின் மேல்பக்கம் நிறைந்து தெரியும். கனகாம்பரம் இன்னும் லேசு. ராத்திரி படுக்கும் முன் பூவை எடுத்துவிடுங்கள். காய்ந்த நாரில் சிக்கிய மெல்லிய முடியைப் பிரித்தெடுக்க நான் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை முழுவதையும் செலவழித்திருக்கிறேன்.